பாடசாலையும் ஈட்டிமுனைத் தலையும்

செப்டெம்பர் மாதம் 11ஆம் திகதி ஆர்ஜென்டீனாவில் ஆசிரியர் தினம். அன்று அந்நாட்டுப் பாடசாலைகளில் பிள்ளைகள் வரிசையாக நின்று ஒரு மனிதரைப் போற்றிப் பாடுவர். 1888ஆம் ஆண்டு அதே நாளில் மறைந்த டொமிங்கோ ஃபவுஸ்டினோ சார்மியெந்தோவே அம்மனிதர். பத்திரிகையாளர், நூலாசிரியர், மாகாண ஆளுநர், 1868 முதல் 1874 வரை ஆர்ஜென்டீனாவின் ஜனாதிபதி. 1943இல் கூடிய அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் கல்வி மாநாடு, அவரது நினைவு நாளையே கண்டம் முழுமைக்குமான ஆசிரியர் தினமாகக் கொள்ளத் தீர்மானித்தது. தென்னமெரிக்க நகரங்களின் சதுக்கங்களில் குதிரைமீதமர்ந்த தளபதிகளின் சிலைகளுக்குக் குறைவில்லை. பாடசாலையின் பெயரால் நினைக்கப்படும் ஆட்சியாளரோ மிகச் சிலர்.

இனி, இன்னொரு காட்சி. 1863 நவம்பர் 12. லா ரியோஹா மாகாணத்தில் ஓல்தா என்னும் சிற்றூர். சரணடைந்து, இடுப்புக் கத்தியையும் ஒப்படைத்துவிட்டு, காவலில் அமர்ந்திருந்த அறுபது வயதைக் கடந்த ஒருவரை இராசாபால் என்ற மேஜர் வந்து ஈட்டியால் குத்துகிறார். பின்னர் சுட்டுத் தீர்க்கிறார்கள். தலையை அறுத்து, கழுமுனையில் செருகி, ஊர்ச் சதுக்கத்தில் நிறுத்துகிறார்கள். கொல்லப்பட்டவர் ஆன்ஹெல் விசெந்தே பெனலோசா. மக்கள் அவரைச் ‘சாச்சோ’ என்று அழைத்தனர். அவருக்கு எதிரான போரை நடத்தும் பொறுப்பை மத்திய அரசு ஒப்படைத்திருந்தது அயல் மாகாணமான சான் ஹுவானின் ஆளுநரிடம். அந்த ஆளுநர் வேறு யாருமல்லர். மேலே சொன்ன கல்வித் தந்தையே.

செய்தி ஆறு நாட்களின் பின் அவரது கடிதமாக ஜனாதிபதி மித்ரேயிடம் போயிற்று. நடந்ததற்கு அவர் வருந்தவில்லை. செய்த விதத்துக்காகவே அதனைப் பாராட்டினார். தலையை வெட்டிப் பார்வைக்கு வைத்திராவிட்டால் அந்தக் கீழ்மக்கள் ஆறு மாதங்கள் சென்றாலும் அடங்கியிருக்க மாட்டார்கள் என்பது அவர் தந்த நியாயம்.

இந்த இரு காட்சிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி கேட்டால், சார்மியெந்தோவைக் கொண்டாடுவோர் மூன்று பதில்களைத் தயாராக வைத்திருக்கிறார்கள். அவர் தம் காலத்தின் பிள்ளை என்பது முதலாவது. அவர் கட்டியவற்றை எண்ணுங்கள், பிழைகள் சிறுத்துப்போகும் என்பது இரண்டாவது. அவருடைய எதிரிகள் அவரிலும் கொடியவர்கள் என்பது மூன்றாவது. இம்மூன்றும் செல்லாக் காசுகள் என்பதே இக்கட்டுரையின் வாதம். வாழ்நாளின் பெரும்பகுதியைச் செய்தி மேசையில் கழித்தவன் நான். சார்மியெந்தோவும் அந்த மேசைக்காரர்தாம். ஆகையால் இந்த வழக்கில் எனக்குச் சொந்த அக்கறை உண்டு.

முதலில் அவருக்குரிய பெருமையைக் குறைவின்றிச் சொல்லிவிடுவோம். 1811 பெப்ரவரி 15ஆம் திகதி, அந்திஸ் மலையடிவாரத்துச் சான் ஹுவானில், வறிய குடும்பமொன்றில் பிறந்தார். தாய் பவுலா அல்பராசீன் அத்திமர நிழலில் தறி போட்டு நெய்து குடும்பத்தைக் காத்தவர். மகன் முறையான உயர்கல்வி எதனையும் பெறவில்லை. பதினைந்து வயதில், தம்மிலும் மூத்த மாணாக்கருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்தில் நின்றமையால் 1831இல் சிலிக்கு ஓடினார். அங்கே வல்பரைசோ துறைமுகக் கடையொன்றில் எழுதுவினைஞராக இருந்தபோது, சம்பளத்தில் பாதியை ஆங்கில ஆசிரியருக்குக் கொடுத்தார். அதிகாலை இரண்டு மணிக்குத் தம்மை எழுப்பிவிடும்படி இராக்காவலாளிக்கும் காசு கொடுத்தார். பின்னர் சுரங்கத்திலும் வேலை செய்தார். படிப்பின்மீது இத்தகைய பசி கொண்டிருந்த ஒருவர் பின்னாளில் நாடெங்கும் பாடசாலை திறந்ததில் வியப்பில்லை.

1836இல் சான் ஹுவானுக்குத் திரும்பி, 1839இல் ‘எல் சோந்தா’ என்ற வாரப் பத்திரிகையை ஆரம்பித்தார். ஆறு இதழ்களுடன் ஆளுநர் அதன் கழுத்தை நெரித்தார். அதே ஆண்டில் பெண்பிள்ளைகளுக்கான கல்லூரி ஒன்றையும் நிறுவினார். 1840இல் கைதாகி, அடிபட்டு, மறுபடியும் நாடு கடந்தார். போகும் வழியில், கருத்துகளைக் கொல்ல இயலாது என்னும் பொருள்பட ஒரு பிரெஞ்சு வாக்கியத்தைக் கரிக்கட்டியால் எழுதிவிட்டுப் போனாராம். அடக்குமுறைக்கு ஆளான எந்தப் பத்திரிகையாளனுக்கும் நெஞ்சைத் தொடும் நிகழ்வு இது. சிலியில் ‘எல் மெர்க்கூரியோ’வில் எழுதினார். 1842இல் சந்தியாகோ நகரின் முதல் நாளிதழான ‘எல் புரோகிரெசோ’வைத் தொடக்கினார். அதே ஆண்டில் அந்நகரில் திறக்கப்பட்ட ஆசிரிய கலாசாலைக்குப் பொறுப்பாளரானார்.

1845இல் ‘எல் புரோகிரெசோ’வில் அவர் தொடராக எழுதியதே ‘ஃபகுந்தோ’ என்ற நூல். 1835இல் கொலையுண்ட லா ரியோஹாவின் பிரதேசத் தலைவன் ஹுவான் ஃபகுந்தோ கிரோகாவின் கதை அது. ஆனால் குறி வைக்கப்பட்டவர் அன்று புவனோஸ் அயர்ஸில் ஆட்சி செய்த ஹுவான் மனுவல் டி ரோசாஸ். எதிர்த்தவர்களைக் கழுத்தறுக்கும் கும்பலை வைத்திருந்தவர் அவர். அவரை எதிர்த்து எழுதியது வீரச் செயல், அதில் ஐயமில்லை.

ஐயம் அந்நூலின் துணைத் தலைப்பில் தொடங்குகிறது. நாகரிகம், காட்டுமிராண்டித்தனம் என்ற இரு சொற்கள். ஒற்றையாட்சிவாதிகளுக்கும் சமஷ்டிவாதிகளுக்கும் இடையே பல்லாண்டுகளாக நடந்துவந்த குழப்பமான சண்டை முழுவதையும் சார்மியெந்தோ இந்த இரு சொற்களுக்குள் அடக்கினார். நகரம், சட்டை, புத்தகம், ஐரோப்பா ஆகியன நாகரிகம். சமவெளி, போர்வை, குதிரை, கத்தி ஆகியன காட்டுமிராண்டித்தனம். காவுச்சோ எனப்பட்ட சமவெளிக் குதிரைக்காரனும் பழங்குடி மனிதனும் இரண்டாவது பட்டியலில் வந்து சேர்ந்தனர். செய்தித்தாளுக்கு இதைவிடச் சிறந்த தலைப்பு அமையாது. சுருக்கமும் ஓசையும் உடையது. படிப்பவனை யோசிக்க விடாமல் ஒரு பக்கத்தில் நிறுத்திவிடும்.

இது ஆராய்ந்து கண்ட உண்மையா? அவரே பதில் சொல்லியிருக்கிறார். 1845 டிசெம்பரில் ஜெனரல் பாஸுக்கு நூலின் பிரதியொன்றை அனுப்பியபோது, இது அவசரத்தில் எழுதியது, பிழைகள் மலிந்தது, சில பிழைகள் வேண்டுமென்றே செய்யப்பட்டவை, அபத்தமானதோர் அரசைக் கவிழ்க்க உதவும் கருவிகளுள் ஒன்று என்பதே இதன் மதிப்பு என்று எழுதினார். அவருடைய அணியைச் சேர்ந்த வலந்தீன் அல்சினாவே நூலை வரிவரியாகப் படித்துத் தவறுகளைக் குறித்து அனுப்பினார். 1851இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, நூலின் உருவம் கெட்டுவிடும் என்பதனால் அத்திருத்தங்களைச் சிக்கனமாகவே பயன்படுத்தியதாக ஆசிரியர் சொல்லிக்கொண்டார். புவனோஸ் அயர்ஸ் நகரத்தை நாகரிகத்தின் வாசலாக வருணித்தபோது அவர் அந்நகரைக் கண்டதேயில்லை. தெரிந்தே பிழையை அச்சுக்கு அனுப்பும் ஆசிரியனை நம் தொழிலில் என்னவென்று அழைப்போம் என்பதை வாசகர் அறிவர்.

அவர் தலைப்பு மறைத்தது எது? லா ரியோஹா போன்ற உள்நாட்டு மாகாணங்களில் ஈட்டி தூக்கிய மக்களுக்குக் குறைகள் இருந்தன. வெளிநாட்டு வர்த்தகத்தின் சுங்க வருமானம் புவனோஸ் அயர்ஸ் துறைமுகத்தின் கையில் இருந்தது. உள்நாட்டு மாகாணங்களின் கருவூலம் காலியாக இருந்தது. இங்கிலாந்தின் இயந்திரத் துணி வந்து இறங்க, உள்நாட்டுத் தறிகள் ஓய்ந்தன. சார்மியெந்தோவின் தாய் அமர்ந்திருந்த தறியும் அந்த இனத்துத் தறிதான். தன் தாயின் தறியைக் கண்ணீருடன் எழுதத் தெரிந்தவர், அத்தறிகள் நின்றுபோன ஊர்களின் கோபத்தைக் காட்டுமிராண்டித்தனம் என்று மட்டும் எழுதினார்.

1852 பெப்ரவரி 3ஆம் திகதி கசேரோஸ் போரில் ரோசாஸ் வீழ்ந்தார். அவரை வீழ்த்திய உர்கிசாவின் படையில் சார்மியெந்தோ செய்தியறிக்கை எழுதுபவராகச் சென்றார். அரசு கவிழ்ந்துவிட்டது, கருவியின் வேலை முடிந்தது. ஆனால் கூர்தீட்டிய சொல் உறைக்குள் திரும்பவில்லை. 1861 செப்டெம்பர் 17இல் பவோன் போரில் புவனோஸ் அயர்ஸின் மித்ரே வென்றார். மூன்று நாட்களின் பின் சார்மியெந்தோ அவருக்கு எழுதிய கடிதம் இன்று வரலாற்றில் இழிபுகழ் பெற்றது. காவுச்சோக்களின் இரத்தத்தைச் சிந்தச் சிக்கனம் பார்க்க வேண்டாம், அது நாட்டுக்குப் பயன்தரும் எரு என்பது அதன் சாரம். ரோசாஸ் ஓடி ஒன்பது ஆண்டுகளின் பின் எழுதியது இது. கொடுங்கோலனை எதிர்க்க எழுதிய சொல் என்ற சமாதானம் இங்கே பொருந்தாது.

1863இல் சாச்சோ மீண்டும் ஆயுதம் தூக்கியபோது, லா ரியோஹாவில் நடப்பதைப் பொலிஸ் நடவடிக்கையாகக் கருதும்படியும், எதிர்ப்போரை அரசியல் எதிரிகள் என்னாது திருடர் என்று அறிவிக்கும்படியும் மித்ரே பணித்தார். பெயரிடுதலின் பயனை வாசகர் கவனிக்க வேண்டும். எதிரிக்குப் போர் வழக்கம் உண்டு. சரணடைந்தால் உயிர் உண்டு. திருடனுக்கும் காட்டுமிராண்டிக்கும் அவை இல்லை. முதல் ஆண்டு செய்த சமாதானத்தில் இருதரப்பும் கைதிகளைக் கையளிக்க இணங்கின என்றும், சாச்சோ தம்மிடமிருந்தவர்களை முழுமையாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, என் ஆட்கள் எங்கே என்று கேட்டபோது அரசுத் தளபதிகள் வாய்மூடி நின்றனர் என்றும், ஏனெனில் அவர்கள் ஏலவே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தனர் என்றும் எழுதியவர் ஹோசே ஹெர்னாண்டஸ் என்ற இன்னொரு பத்திரிகையாளர்.

இதனிலும் கசப்பான செய்தி ஒன்று உண்டு. அந்தச் சாச்சோ ரோசாஸின் ஆளல்லர். 1840இல் வடமாகாணங்கள் ரோசாஸுக்கு எதிராக எழுந்தபோது ஈட்டி ஏந்தியவர். 1841 செப்டெம்பரில் ரொதேயோ டெல் மெதியோவில் தோற்ற லா மத்ரிட்டின் படையில் இருந்து, சிலிக்கு அகதியாகச் சென்றவர். அந்தத் தோல்விக்குப் பின் பனிமலையில் சிக்குண்ட அகதிகளுக்கு உணவும் உதவியும் திரட்டி அனுப்பியவர் யார் தெரியுமா? சார்மியெந்தோ. ஒருவர் பேனாவாலும் ஒருவர் ஈட்டியாலும் ஒரே கொடுங்கோலனை எதிர்த்தனர். ஒரே மலையைத் தாண்டி ஒரே நாட்டில் தஞ்சம் புகுந்தனர். இருபத்திரண்டு ஆண்டுகளின் பின் ஒருவரின் தலை கழுவில் இருந்தது. மற்றவர் அதனைப் பாராட்டிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். இரு சொற்களுக்குள் ஒரு நாட்டை அடைத்தால், பழைய தோழனும் தவறான சொல்லின் கீழே வந்துவிடுவான்.

இனி அந்த மூன்று பதில்களையும் எடுத்துக்கொள்வோம்.

காலத்தின் பிள்ளையாம். அந்தக் காலத்துக்கு வேறு பிள்ளைகளும் இருந்தார்களே! ஹெர்னாண்டஸ் 1863இலேயே, கொலையின் சூடு ஆறுமுன், பரானா நகரப் பத்திரிகையில் சாச்சோவின் வாழ்க்கையை எழுதி, இது கொலை என்று அச்சில் ஏற்றினார். ஆர்ஜென்டீன அரசியலமைப்பின் சிந்தனைத் தந்தையான ஹுவான் பவுதிஸ்தா அல்பெர்தி, 1853இலேயே சார்மியெந்தோவுடன் பகிரங்கமாக மோதி, நாட்டுப்புறத்தைக் காட்டுமிராண்டித்தனமாகவும் நகரத்தை நாகரிகமாகவும் பிரிப்பது பொய்ப் பிரிவினை என்றும், சமவெளியில் போலவே பத்திரிகையிலும் முரட்டுத் தலைவர்கள் உண்டு என்றும் எடுத்துரைத்தார். மித்ரேயின் உள்நாட்டு அமைச்சரும் சான் ஹுவானைச் சேர்ந்தவருமான கில்லெர்மோ ரோசன், மாகாண ஆளுநருக்கு முற்றுகை நிலையைப் பிரகடனம் செய்யும் அதிகாரம் கிடையாது என்று சார்மியெந்தோவைக் கண்டித்தார். இவர்கள் இருபத்தோராம் நூற்றாண்டிலிருந்து பேசவில்லை. ஒருவர் எதிரணி எழுத்தாளர், ஒருவர் பழைய தோழர், ஒருவர் அவருடைய சொந்த அரசின் அமைச்சர். காலம் குற்றவாளியாயின், அதே காலம் சாட்சியாகவும் எழுந்து நின்றது.

இரண்டாவது, கட்டியவற்றின் கணக்கு. கணக்கு பெரியதுதான். அவர் ஆட்சியில் 1869இல் நடந்த முதலாவது தேசியக் குடிசன மதிப்பீடு, ஏறத்தாழ 18 இலட்சம் மக்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் எழுத்தறியாதவர் என்று காட்டியது. அவர் பதவியை விட்டபோது பாடசாலைப் பிள்ளைகளின் தொகை முப்பதாயிரத்திலிருந்து ஒரு இலட்சத்தை எட்டியிருந்தது என்பர். 1870இல் பரானாவில் ஆசிரிய கலாசாலைக்கு அடிக்கல்லாக ஆணை பிறந்தது. ஹொரேஸ் மானின் வழியில் பயின்ற ஆசிரியைகளை ஐக்கிய அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார். மூன்று தசாப்தங்களில் அறுபதுக்கும் மேற்பட்டோர் வந்தனர். மக்கள் நூலகச் சட்டம், கோர்டோபா வானாய்வகம் என்று பட்டியல் நீளும். 1884இல் வந்த இலவச, கட்டாய, மதச்சார்பற்ற கல்விச் சட்டத்துக்காக முதுமையிலும் எழுதிப் போராடினார். இவற்றுள் ஒன்றையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை.

நான் கேட்பது ஒரு கேள்விதான். இவற்றுள் எதற்கு ஓல்தாவின் தலை தேவைப்பட்டது? எந்த வகுப்பறையின் அத்திவாரத்தில் அந்த எரு இடப்பட்டது? ஒரு பக்கம் பாடசாலை, மறுபக்கம் தலை என்று தராசில் வைப்போர், ஒன்றின் விலை மற்றது என்று நம்மை எண்ண வைக்கின்றனர். அது கணக்கன்று, கண்கட்டு வித்தை. பாடசாலையைப் பெற்ற பிள்ளை, தலையையும் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டவன் அல்லன். அன்றியும், தலை வெட்டப்பட்டவரின் ஊர்ப் பிள்ளைக்கும் அந்தப் பாடசாலை உரியது. தன் பாட்டன் காட்டுமிராண்டி என்று அங்கே அவன் படித்தால், அது எத்தகைய கல்வி?

மூன்றாவது, எதிரிகள் கொடியவர்கள் என்பது. ஆம், ரோசாஸ் கொடியவரே. பிற்காலத்தில் சார்மியெந்தோ மீதிருந்த வெறுப்பினால் ரோசாஸைத் தேசிய வீரராக்கியோரும் உண்டு. அவரது எச்சங்கள் 1989இல் இங்கிலாந்திலிருந்து கொண்டுவரப்பட்டு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டன. இருபது பெசோத் தாளில் ரோசாஸ், ஐம்பது பெசோத் தாளில் சார்மியெந்தோ என்று இருவரும் நெடுங்காலம் ஒரே பணப்பையில் மடிந்து கிடந்தனர். அவர்களுடைய அடியார்களுக்கு இன்றும் ஒரே பழக்கம்: தம்மவர் வெட்டிய தலைக்கு மற்றவர் வெட்டிய தலையைப் பதிலாகக் காட்டுவது. கழுத்தறுப்பதுதான் காட்டுமிராண்டித்தனம் என்று உலகுக்கு நூலெழுதிச் சொன்னவர் சார்மியெந்தோ. அவருடைய சொந்த இலக்கணத்தின்படி ஓல்தாவில் காட்டுமிராண்டி யார்?

இதனை அவர் இறுதிவரை கேட்டுக்கொள்ளவில்லை. 1866இல் சாச்சோவைப் பற்றித் தாமே ஒரு நூல் எழுதித் தம்மை நியாயப்படுத்தினார். ஜனாதிபதியாக இருந்து, 1873இல் எந்த்ரே ரியோஸ் மாகாணக் கிளர்ச்சித் தலைவர் லோப்பஸ் ஹோர்தானின் தலைக்குப் பணம் அறிவிக்கும் சட்டமூலத்தைக் காங்கிரஸுக்கு அனுப்பினார். காங்கிரஸ் அதனை ஏற்கவில்லை. 1883இல் வெளியிட்ட நூலில், தென்னமெரிக்காவின் பின்னடைவுக்கு மக்களின் இரத்தக் கலப்பையே காரணமாக்கினார். நாகரிகம் எதிர் காட்டுமிராண்டித்தனம் என்ற அந்தச் செய்தித்தாள் தலைப்பு, முதுமையில் இனவாதமாகக் கெட்டித்துப்போயிற்று. அதே ஆண்டுகளில்தான் ரோக்காவின் படைகள் தென்பகுதிப் பழங்குடிகளின் நிலங்களைப் பறித்துக்கொண்டிருந்தன. அப்படையெடுப்பைத் தொடக்கியவர் சார்மியெந்தோ அல்லர். ஆயினும் அதனை நாகரிகத்தின் முன்னேற்றம் என்று அழைக்கும் சொற்களஞ்சியத்தை நாட்டுக்குத் தந்தவர் அவரே.

வரலாறு தன் பங்குக்கு ஒரு தீர்ப்பை எழுதியது. சார்மியெந்தோ ஜனாதிபதியாக இருந்த 1872ஆம் ஆண்டில், ஹெர்னாண்டஸ் ‘மார்த்தின் ஃபியெரோ’ என்ற கதைப் பாடலை வெளியிட்டார். எல்லைக் காவலுக்குப் பலவந்தமாகப் பிடித்துச் செல்லப்பட்டு, வீடும் மனைவி மக்களும் இழந்த ஒரு காவுச்சோவின் கதை அது. சந்தைக் கடைகளில் சீனி, புகையிலையோடு அந்நூலும் விற்றது. எழுதப் படிக்கத் தெரிந்தவன் படிக்க மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்டனர். பின்னாளில் அதுவே ஆர்ஜென்டீனாவின் தேசியக் காவியமாயிற்று. எருவாகச் சொல்லப்பட்ட மனிதன் நாட்டின் முகமானான். அந்தப் பாடலைப் படிக்கும் எழுத்தறிவைப் பல பிள்ளைகள் பெற்றது சார்மியெந்தோ திறந்த பாடசாலைகளில் என்பதும் உண்மை. அவருடைய கல்வியை அவருடைய சொல்லுக்கு எதிராகப் பயன்படுத்துவதே அவருக்குச் செய்யக்கூடிய நேர்மையான மரியாதை.

1873 ஆகஸ்டில் புவனோஸ் அயர்ஸ் வீதியில் அவருடைய வண்டியை மறித்துக் கொல்ல முயன்றனர். கொலைஞனின் துப்பாக்கி அளவுக்கு மிஞ்சிய மருந்தினால் அவன் கையிலேயே வெடித்தது. காது மிக மந்தமாகிவிட்டிருந்த ஜனாதிபதிக்கு அந்த வெடியோசை கேட்கவேயில்லை என்பர். பதினைந்து ஆண்டுகள் கழித்து, பரகுவேயின் அசுன்சியோனில் அவர் உயிர் பிரிந்தது. ஆர்ஜென்டீனாவும் பிரேசிலும் உருகுவேயும் கூடி நடத்திய போரில் வளர்ந்த ஆண்களில் பெரும்பகுதியை இழந்த நாடு அது. அவர் நெஞ்சோடு வளர்த்த மகன் டொமிங்கித்தோ 1866இல் குருபாய்த்தியில் மாண்டதும் அதே போரில்தான். மகனைப் பற்றி அவர் எழுதிய நூலில் ஒரு தகப்பனின் துயரம் முழுமையாக இருக்கிறது. ஓல்தாவில் விதவையான பெண்ணின் துயரத்துக்கு அந்தப் பேனாவில் மை இருக்கவில்லை.

என் தொழில் தோழர்களுக்கு இறுதியாக ஒன்று. நாம் வாளேந்துவதில்லை, ஆகவே நம் கைகள் சுத்தமானவை என்று எண்ணிக்கொள்கிறோம். செய்தி மேசையில், நேரம் போய்க்கொண்டிருக்கையில், ஒரு கூட்டத்தை ஒரே சொல்லில் அடக்கும் தலைப்பு வாய்த்தால் மகிழ்ந்து போகிறோம். நானும் அவ்வாறு மகிழ்ந்ததுண்டு. அந்தச் சொல் அச்சேறியபின் எங்கெல்லாம் போயிற்று என்று நான் தேடிப் பார்த்ததில்லை. சார்மியெந்தோவின் சொல் 1845இல் சந்தியாகோவின் அச்சுக்கூடத்திலிருந்து புறப்பட்டு, பதினெட்டு ஆண்டுகள் நடந்து, ஓல்தாவின் சதுக்கத்தை அடைந்தது. அங்கே அது ஒரு கழுமுனையில் நின்றது.